வார்டுக்குப் புதிதாக வந்த நர்ஸுக்கு: பச்சைக் குழந்தை முதல் படுத்த படுக்கையான தாத்தா வரை நோயாளியைப் பார்க்கும் முறை

நர்சிங் படிக்கும்போது குழந்தை ஒரு புத்தகம், பிரசவம் ஒரு புத்தகம், முதியோர் ஓர் அத்தியாயம் என்று தனித்தனியாகப் படித்திருப்போம். தாலுகா மருத்துவமனையிலோ ஐம்பது படுக்கை உள்ள தனியார் மருத்துவமனையிலோ வேலைக்குச் சேர்ந்தால் எல்லாரும் ஒரே நைட் டியூட்டியில் வந்து நிற்பார்கள். பால் குடிக்காத ஆறு நாள் குழந்தை, கால் வீங்கிய கர்ப்பிணி, சாயங்காலம் முதல் பிதற்றிக்கொண்டிருக்கும் பாட்டி. நான் சேர்ந்த நாளில் இதை உட்கார வைத்துச் சொல்லித்தர ஆள் இல்லை. ஒவ்வொரு சீனியரிடமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தேற வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்தத் திண்டாட்டம் வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். வயது தெரியாமல் எந்த எண்ணுக்கும் அர்த்தம் கிடையாது. நிமிடத்துக்கு மூச்சு 44 என்று சார்ட்டில் இருக்கிறது. பிறந்த குழந்தை என்றால் சரியாக இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தை என்றால் நிமோனியாவா என்று பார்க்க வேண்டும். அறுபது வயதுக்காரர் என்றால் அந்த நிமிடமே டாக்டரைக் கூப்பிட வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளும் இதன் விரிவுதான்.

மருந்து அளவுகளை டாக்டரின் ஆர்டரோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதற்காகச் சொல்கிறேன். ஆர்டர் இல்லாமல் நீங்களாகக் கொடுப்பதற்கு அல்ல.

1. சேருவதற்கு முன்: காகிதமும் ஊசியும்

தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மிட்வைஃப்கள் கவுன்சிலின் பதிவு கையில் இல்லாமல் தனியாக டியூட்டி பார்க்கச் சம்மதிக்காதீர்கள். "அப்ளை பண்ணியிருக்கேன், வந்துடும்" என்று சொல்லி வேலையைத் தொடங்குபவர்கள் உண்டு. அந்த இடைவெளியில் ஏதாவது நடந்தால் உங்கள் பக்கம் பேசச் சட்டத்தில் இடமில்லை. பதிவோடு, இந்திய நர்சிங் கவுன்சிலின் தேசியப் பதிவேட்டில் கிடைக்கும் தனி அடையாள எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு வேறு மாநிலத்துக்கோ வெளிநாட்டுக்கோ போகும்போது முதலில் கேட்பது அதைத்தான். பதிவைப் புதுப்பிக்கும்போது தொடர்கல்வி நேரத்தைக் கணக்கில் காட்ட வேண்டியிருக்கும். போகும் ஒவ்வொரு பயிற்சியின் சான்றிதழையும் அன்றைக்கே போட்டோ எடுத்து ஒரே ஃபோல்டரில் போடுங்கள்.

ஒரிஜினல் சான்றிதழ்களைச் சேரும் இடத்தில் ஒப்படைக்காதீர்கள். காட்டிவிட்டு, நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். ஒரிஜினல் அங்கே மாட்டிக்கொண்டால், நல்ல வேலை கிடைக்கும்போது உங்களால் கிளம்ப முடியாது.

அப்புறம் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. மூன்று டோஸ், 0, 1, 6 மாதக் கணக்கு. அதாவது முழுதாக முடிக்க அரை ஆண்டு ஆகும். வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், கடைசி ஆண்டிலேயே தொடங்கிவிடுங்கள். மூன்றாவது டோஸுக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தால் அளவு 10க்கு மேல் இருக்க வேண்டும். நோயாளிக்குப் போட்ட ஊசி உங்கள் கையில் குத்திவிட்டால் அழுத்திப் பிதுக்காமல் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பலனில்லை. மொத்தம் 28 நாள் சாப்பிட வேண்டும். கூச்சப்பட்டு மறைப்பவர்கள் அந்த நேரத்தைத்தான் இழக்கிறார்கள்.

செலவைப் பொறுத்தவரை, முதல் சம்பளத்தில் விலை உயர்ந்த ஸ்டெத்தாஸ்கோப் வாங்க அவசரப்பட வேண்டாம். நொடி முள் உள்ள கைக்கடிகாரம், சிறிய டார்ச், இஞ்ச் டேப், சின்ன நோட்டு இவை போதும். எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாய்க்குள் முடியும். செல்போனில் நேரம் பார்க்கலாமே என்று நினைக்காதீர்கள். கையுறையோடு செல்போனைத் தொட்டால் வார்டு கிருமி உங்களோடு வீடு வரை வரும்.

2. முதல் அறுபது நொடி: தொடுவதற்கு முன் பாருங்கள்

நோயாளி உள்ளே வரும்போதே பி.பி. கருவியை எடுக்க ஓடாதீர்கள். நின்று மூன்றைப் பாருங்கள். விழிப்பு, மூச்சு, நிறம். தானாக விழித்திருக்கிறாரா, கூப்பிட்டால் பார்க்கிறாரா, வலி கொடுத்தால்தான் அசைகிறாரா, எதற்குமே அசைவில்லையா என்ற நான்கில் ஒன்றை மனதில் குறியுங்கள். மூச்சில் நெஞ்சு உள்வாங்குகிறதா, மூக்கு விடைக்கிறதா, முனகல் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

நிறத்தில் ஒரு விஷயம். நம்மூர்த் தோலில் நீலம் பாரித்தது விரலிலோ கன்னத்திலோ சட்டென்று தெரியாது. நாக்கையும் உதட்டின் உள்பக்கத்தையும் பாருங்கள். ரத்தசோகைக்குக் கீழ் இமையும் உள்ளங்கையும். மஞ்சள் காமாலைக்கு ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ட்யூப்லைட் வெளிச்சம் ஏமாற்றும்.

இந்த மூன்றில் ஒன்று கெட்டிருந்தாலும் பெயர், முகவரி கேட்டுக்கொண்டு நிற்காமல் ஆள் கூப்பிட்டு ஆக்ஸிஜன் பக்கம் நகர்த்துங்கள். ஓ.பி. சீட்டு பின்னால் வரட்டும்.

3. கேட்க வேண்டியவை: வயது, எடை, ஒவ்வாமை

எடையை விசாரிக்காதீர்கள், நிறுத்துப் பாருங்கள். "பதினாலு கிலோ இருப்பான் சிஸ்டர்" என்று தாய் சொல்வது போன தடுப்பூசியின்போது பார்த்த எடையாக இருக்கும். எழுந்து நிற்க முடியாதவருக்கு உத்தேசமாகப் போட்டால் பக்கத்திலேயே "உத்தேசம்" என்று எழுதுங்கள். அடுத்த டியூட்டிக்காரர் அதை நிஜ எடை என்று நம்பி மருந்து கணக்குப் போடக் கூடாது.

"அலர்ஜி இருக்கா?" என்று கேட்டால் பாதிப் பேர் இல்லை என்று தலையாட்டிவிடுவார்கள். "எந்த ஊசி போட்டாவது, மாத்திரை சாப்பிட்டாவது தடிப்பு, மூச்சுத் திணறல் வந்திருக்கா?" என்று கேளுங்கள். பதில் மாறும்.

வீட்டு வைத்தியத்தையும் கேட்க வேண்டும். கேட்கும் விதம் முக்கியம். பச்சைக் குழந்தைக்குச் சேனை வைத்தார்களா, உரை மருந்து கொடுத்தார்களா, தொப்புளில் ஏதாவது தடவினார்களா, வளர்ந்த குழந்தைக்குத் தொக்கம் (தொண்டையில் சிக்கியதை எடுப்பதாகச் சொல்லும் நாட்டு வைத்தியம்) எடுத்தார்களா என்று சாதாரணமாகக் கேளுங்கள். குரலில் கோபம் தெரிந்தால் பாட்டி வாயை மூடிக்கொள்வார். தொக்கம் எடுத்த பிறகு இருமல் வந்த குழந்தைக்கு நுரையீரலில் ஏதாவது போயிருக்கலாம். அந்தத் தகவல் பாட்டியிடம் மட்டுமே இருக்கும்.

4. வைட்டல்ஸ் (மூச்சு, நாடி, பி.பி., சூடு): எண்ணி எழுதுங்கள்

எந்த வார்டுக்குப் போனாலும் சார்ட்டைப் புரட்டிப் பாருங்கள். மூச்சு எல்லாருக்கும் 20 என்றே இருக்கும். எண்ணாமல் எழுதுவது அப்படித்தான் தெரியும். உடல்நிலை மோசமாகப் போகும்போது முதலில் மாறுவது பெரும்பாலும் மூச்சு. பி.பி. கடைசியில்தான் விழும். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: முழுதாக அறுபது நொடி எண்ணுங்கள். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் குழந்தைக்குத் தவறாகிவிடும், ஏனென்றால் குழந்தை சில நொடி வேகமாக மூச்சு விட்டுச் சில நொடி நிறுத்தும்.

எண்ணும் முறை இது. குழந்தை தாயின் மடியிலேயே இருக்கட்டும். சட்டையை மார்பு வரை மெதுவாகத் தூக்கச் சொல்லுங்கள். கடிகாரம் கட்டிய கையை வயிற்றுக்குப் பக்கத்தில், தொடாமல், பிடியுங்கள். வயிறும் முள்ளும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். அழுதால் நிறுத்தி, பால் கொடுக்கச் சொல்லி, அமைதியான பிறகு முதலில் இருந்து எண்ணுங்கள். தெர்மாமீட்டர் வைப்பதும் மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

மனப்பாடமாக இருக்க வேண்டிய எல்லைகள்:

இரண்டு மாதத்துக்குக் கீழ்: மூச்சு 60 அல்லது அதற்கு மேல் என்றால் வேகம்.
2 மாதம் முதல் 12 மாதம் வரை: 50 அல்லது அதற்கு மேல்.
1 வயது முதல் 5 வயது வரை: 40 அல்லது அதற்கு மேல்.
பெரியவர்கள்: 12 முதல் 20 வரை இயல்பு.

1 முதல் 10 வயது வரை மேல் பி.பி. எவ்வளவுக்குக் கீழே போகக் கூடாது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. வயதை இரண்டால் பெருக்கி 70ஐக் கூட்டுங்கள். ஐந்து வயதுக்கு 80. அதற்குக் கீழ் என்றால் குழந்தை ஷாக்கில் இருக்கிறது. ஆனால் குழந்தைக்கு பி.பி. விழும்வரை காத்திருக்கக் கூடாது. கை கால் சில்லிட்டு, நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு திரும்ப மூன்று நொடிக்கு மேல் ஆனால் அதுவே போதுமான எச்சரிக்கை.

பி.பி. கஃப் அளவில் எல்லாரும் வழுக்குவார்கள். பருமனான கைக்குச் சின்ன கஃப் கட்டினால் பி.பி. கூடுதலாகக் காட்டும். இல்லாத பி.பி.க்கு மாத்திரை தொடங்கிவிடுவார்கள். ஒல்லியான கைக்குப் பெரிய கஃப் என்றால் குறைவாகக் காட்டும். கஃபின் உள்ளே இருக்கும் ரப்பர் பை கையின் சுற்றளவில் ஐந்தில் நான்கு பங்கைச் சுற்ற வேண்டும். குழந்தைக்கான கஃப் வார்டில் இல்லை என்றால் இண்டெண்ட் (ஸ்டோரில் பொருள் கேட்கும் சீட்டு) போட்டு வாங்கச் சொல்லுங்கள், எழுத்தில்.

பல்ஸ் ஆக்சிமீட்டரை நெயில் பாலிஷ், மருதாணி உள்ள விரலிலும் குளிர்ந்த விரலிலும் மாட்டி வரும் எண்ணை நம்ப வேண்டாம். விரலைத் தேய்த்துச் சூடாக்குங்கள், அல்லது காது மடல், வேறு விரல் பாருங்கள்.

5. பிறந்த குழந்தை

பிறந்து 1 நிமிடத்திலும் 5 நிமிடத்திலும் ஆப்கார், அதாவது நிறம், நாடி, அசைவு, மூச்சு போன்றவற்றுக்கான மதிப்பெண். அழாத குழந்தைக்கு ஆப்காருக்காகக் காத்திருக்காமல் முதல் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு கொடுக்கத் தொடங்க வேண்டும். பிரசவத்துக்கு முன்பே ஆம்பு பேக்கும் (அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) சரியான மாஸ்க்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆம்பு பேக்கை உங்கள் உள்ளங்கையில் அழுத்திப் பார்த்து ஓட்டை இல்லை என்று உறுதி செய்யுங்கள்.

சூடு. அக்குளில் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும், ஃபாரன்ஹீட்டில் 97.7 முதல் 99.5. தெர்மாமீட்டர் கையில் இல்லாத நேரத்தில் புறங்கையால் பாதத்தையும் வயிற்றையும் தொடுங்கள். இரண்டும் சூடு என்றால் நல்லது. பாதம் மட்டும் சில்லென்றிருந்தால் குளிர் தாக்கத் தொடங்கிவிட்டது. தாயின் மார்போடு தோல் ஒட்டப் போட்டுப் போர்த்துங்கள். இரண்டும் சில்லென்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள். குளிப்பாட்டுவதை முதல் நாள் முழுக்கத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். "அழுக்கா இருக்கே" என்று வீட்டார் வற்புறுத்துவார்கள். துடைத்துக் காட்டி, வெள்ளைப் பூச்சு குழந்தைக்குப் பாதுகாப்பு என்று பொறுமையாகச் சொன்னால் கேட்பார்கள்.

ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். வைட்டமின் கே ஊசி. 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி, கூடவே பி.சி.ஜி., போலியோ சொட்டு. முதல் சிறுநீர், முதல் மலம் எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். 24 மணி நேரம் தாண்டியும் மலம் போகவில்லை என்றால் சொல்ல வேண்டும். முதல் வாரத்தில் எடை பத்து சதவீதம் வரை குறைந்து, இரண்டு வாரத்துக்குள் திரும்ப வரும். இதை முன்கூட்டியே தாயிடம் சொல்லிவிட்டால் "பால் பத்தலை" என்று பயந்து டப்பா பாலுக்குப் போக மாட்டார்.

மஞ்சள் காமாலை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தெரிந்தால் எப்போதுமே ஆபத்து. அதன் பிறகு வந்தாலும் உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கியிருந்தால் ரத்தப் பரிசோதனை உடனே. "காலை வெயில்ல காட்டுனா போயிடும்" என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள், அந்த நம்பிக்கையைக் கட்டாயம் மாற்றி அனுப்புங்கள்.

பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, வலிப்பு, நெஞ்சு உள்வாங்குவது, சூடு அதிகம் அல்லது குறைவு. இவற்றில் ஒன்று இருந்தாலும் பச்சைக் குழந்தைக்கு அட்மிஷன்தான். காய்ச்சல் இல்லை என்பதால் கிருமித்தொற்று இல்லை என்று நினைக்கக் கூடாது.

காகிதம்: தாயின் பிக்மி (கர்ப்பிணிகளுக்கான அரசு இணையப் பதிவு) பதிவில் கிடைத்த 12 இலக்க எண் இல்லாமல் பிறப்புப் பதிவு தடைப்படும். அட்மிஷன் போதே கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. பெற்றோர் பெயரை ஆதாரைப் பார்த்து, இனிஷியல் உட்பட, எழுத்து எழுத்தாக எழுதி அவர்களிடமே படித்துக் காட்டுங்கள். நம் கையெழுத்தில் ஓர் எழுத்து மாறினால், அந்தக் குடும்பம் பள்ளிக்கூடச் சேர்க்கையின்போது அலுவலகம் அலுவலகமாக அலையும்.

6. குழந்தை: எல்லாமே கிலோ கணக்கு

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். காய்ச்சலுக்கான பாராசிட்டமால் ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மி.கி. வரை. பத்து கிலோ குழந்தைக்கு 150 மி.கி. அதே மருந்து மூன்று உருவத்தில் கடையில் கிடைக்கிறது. சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கு 100 மி.கி. ஒரு வகை சிரப்பில் 5 மி.லி.க்கு 120 மி.கி. இன்னொரு வகையில் 5 மி.லி.க்கு 250 மி.கி. ஆக, அந்தப் பத்து கிலோ குழந்தைக்குச் சொட்டு மருந்தில் 1.5 மி.லி., முதல் சிரப்பில் 6 மி.லி.க்குச் சற்று மேல், இரண்டாவதில் 3 மி.லி. "6 எம்எல் கொடுங்க" என்று மட்டும் வாயால் சொல்லி அனுப்பி, தாய் வீட்டில் இருக்கும் சொட்டு மருந்தை எடுத்து 6 மி.லி. ஊற்றினால் நான்கு மடங்கு உள்ளே போகும். கல்லீரல் தாங்காது.

அதனால் எப்போதும் மி.கி.யில் யோசித்து, பாட்டிலைக் கையில் வாங்கி லேபிளைப் படித்து, மி.லி.யாக மாற்றி, சிரிஞ்சில் அந்தக் கோடு வரை இழுத்துக் காட்டுங்கள். "டீஸ்பூன்" என்ற வார்த்தையே வேண்டாம். ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

வயிற்றுப்போக்கில் குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விடுங்கள். இரண்டு நொடிக்கு மேல் நிற்கிறது, குழந்தை துவண்டிருக்கிறது, குடிக்க முடியவில்லை என்றால் நரம்பு வழி நீர். எரிச்சலாக இருக்கிறது, ஆவலாகக் குடிக்கிறது என்றால் கிலோவுக்கு 75 மி.லி. உப்பு சர்க்கரைக் கரைசல், நான்கு மணி நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக. துத்தநாக மாத்திரை 14 நாள். வயிற்றுப்போக்கு நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் வழக்கம், அதனால் காரணத்தோடு சொல்லி அனுப்புங்கள்.

6 மாதம் முதல் 5 வயது வரை புஜத்தின் நடுப்பகுதியை டேப்பால் சுற்றி அளந்து பாருங்கள். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழ் என்றால் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு. வயிறு உப்பியிருப்பதால் குழந்தை கொழுகொழு என்று தோன்றும், டேப் உண்மையைச் சொல்லும்.

குழந்தைக்கு டிரிப்ஸ் என்றால் சிறு சொட்டாக விழும் மைக்ரோ செட். அதில் 60 சொட்டு ஒரு மி.லி. என்பதால், மணிக்கு எத்தனை மி.லி.யோ அத்தனை சொட்டு நிமிடத்துக்கு.

7. வளரிளம் பருவம்

பதின்வயதினரிடம் பெற்றோர் முன்னால் உண்மை வராது. "ரத்தம் எடுக்கணும், அம்மா ரெண்டு நிமிஷம் வெளியே இருங்க" என்று சொல்லி, ஒரு பெண் ஊழியரைக் கூட வைத்துக்கொண்டு தனியாகக் கேளுங்கள். கடைசி மாதவிடாய், வீட்டில் பிரச்சினை, ஏதாவது சாப்பிட்டுவிட்டாரா என்பவற்றை நேரடியாகவே கேட்கலாம்.

எலி பேஸ்ட் சாப்பிட்டு வந்தவர் முதல் ஒன்றிரண்டு நாளில் நன்றாகப் பேசிச் சிரிப்பார். வீட்டார் டிஸ்சார்ஜ் கேட்பார்கள். விடாதீர்கள், கல்லீரல் அதற்குப் பிறகுதான் பழுதாகும். "போலீஸ் கேஸ் ஆகிடுமா?" என்ற பயத்தில் டப்பாவை மறைப்பவர்களுக்கு விளக்குங்கள். எம்.எல்.சி. (சட்டத் தொடர்புள்ள கேஸ்) பதிவு கட்டாயம். ஆனால் 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எழுதிக் கொடுங்கள், இலவச அழைப்பு.

18 வயதுக்குக் கீழ் கர்ப்பம் என்று தெரிந்தால் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் சொல்வது கடமை. அந்தத் தகவல் போவதற்காக டாக்டரிடம் சொல்லுங்கள், வார்டில் வேறு யாரிடமும் வேண்டாம். அந்தப் பெண்ணின் பெயர் நர்சஸ் ரூமில் பேச்சாகக் கூடாது.

8. கர்ப்பிணியும் பிரசவித்த தாயும்

20 வாரத்துக்குப் பிறகு பி.பி. 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் சிறுநீரில் புரதம் பாருங்கள். 160/110 என்றால் அவசரம். கேட்க வேண்டியவை மூன்று: தலைவலி, கண் மங்கல், நெஞ்சுக்குழி வலி. மல்லாக்கப் படுக்க வைத்து நேரம் கடத்தாதீர்கள். இடது பக்கம் சாய்த்துப் படுக்க வையுங்கள்.

வலிப்பு வராமல் தடுக்கும் மெக்னீசியம் சல்ஃபேட் ஓடும்போது ஒவ்வொரு டோஸுக்கும் முன் மூன்றைச் சரிபார்க்க வேண்டும். முழங்கால் தட்டினால் துள்ளுகிறதா, மூச்சு 16க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மி.லி.யாவது வருகிறதா. ஒன்று குறைந்தாலும் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். முறிவு மருந்தான கால்சியம் குளுக்கோனேட் ஆம்ப்யூல் அந்த டிரேயிலேயே இருக்க வேண்டும், ஸ்டோரில் அல்ல.

பிரசவமான முதல் இரண்டு மணி நேரம் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தாயைப் பாருங்கள். எல்லாரும் குழந்தையைச் சுற்றி நிற்கும் நேரம் அது. அடிவயிற்றில் கை வைத்தால் கருப்பை தேங்காய் போலக் கெட்டியாக இருக்க வேண்டும். மெத்தென்று இருந்தால் முதலில் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். இடுப்புக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள், ரத்தம் பேடில் தெரியாமல் முதுகுக்கடியில் தேங்கியிருக்கும். 500 மி.லி. தாண்டினால் அதிரத்தப்போக்கு. நாடித்துடிப்பு ஏறுவதை முதலில் கவனியுங்கள். இளம் தாய்க்கு பி.பி. விழும்போது நேரம் கடந்திருக்கும்.

செலவு: அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், உணவு, வீட்டுக்குத் திரும்பும் வண்டி வரை தாய்க்கு இலவசம். நோயுற்ற குழந்தைக்கும் ஒரு வயது வரை உண்டு. யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று நீங்களே தாயிடம் சொல்லுங்கள்.

9. நடுவயது

நெஞ்சுவலி என்று வந்தால் பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. "கேஸ்தான் சிஸ்டர்" என்று அவரே சொன்னாலும் எடுத்துவிடுங்கள். சர்க்கரை நோயாளிக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வியர்வை, மூச்சுத் திணறல், வாந்தி என்று மட்டும் வரலாம்.

வாய் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குழறல் என்றால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "கடைசியா நல்லா இருந்ததை எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?" ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு. தூங்கி எழுந்தபோது தெரிந்தது என்றால், தூங்கப் போன நேரம்தான் கணக்கு. கூடவே சர்க்கரை பாருங்கள், 70க்குக் கீழே போனாலும் பக்கவாதம் போலவே தோன்றலாம். விழுங்கும் திறனைச் சோதிக்கும்வரை ஒரு வாய் காபிகூடக் கூடாது.

இன்சுலினில் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. வயல் பெரும்பாலும் 1 மி.லி.க்கு 40 யூனிட். பேனா கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை, 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 40 வயலில் இருந்து 100 சிரிஞ்சில் "40" கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 16 யூனிட்தான். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு போகும். மூடி நிறமும் லேபிள் எண்ணும் பொருந்துகிறதா என்று இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பாம்புக்கடிக்கு 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை காய்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் மட்டும். பிளாஸ்டிக் குழாய், சோப்புப் போட்டுக் கழுவிய குழாய் இரண்டும் பொய் சொல்லும்.

10. முதியவர்

பாட்டியை மகள் கூட்டிக்கொண்டு வருகிறார். "பாட்டி, இப்ப காலையா சாயங்காலமா?" என்று கேட்டால் பாட்டி, "மாட்டைப் பிடிச்சுக் கட்டியாச்சா?" என்கிறார். மகள் சொல்கிறார்: "நேத்து வரைக்கும் நல்லாத்தான் பேசுனாங்க சிஸ்டர்." அந்த "நேத்து வரைக்கும்"தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது. மறதி நோய் மாதக்கணக்கில் வரும். ஒரு நாளில் வந்த குழப்பத்துக்கு உடலில் ஒரு காரணம் இருக்கும். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவு, சர்க்கரை, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, புது மாத்திரை. "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்ற வார்த்தையைச் சார்ட்டில் இடம்பெற விடாதீர்கள். காய்ச்சல் இல்லாமலேயே முதியவருக்குக் கடும் தொற்று இருக்கலாம். கிள்ளிப் பார்த்தால் தோல் எப்போதும் தளர்ந்தே இருக்கும், அதனால் நீர்வற்றலுக்கு நாக்கைப் பாருங்கள்.

மாத்திரைப் பையைக் கொண்டுவரச் சொல்லி மேசையில் கொட்டிப் பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்த பி.பி. மாத்திரை, தனியார் டாக்டர் எழுதிய அதே மருந்து வேறு பெயரில், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மூட்டுவலி மாத்திரை, எல்லாம் ஒரே பையில் இருக்கும். பிராண்ட் பெயரை விட்டுவிட்டு அடியில் உள்ள மருந்துப் பெயரைப் படித்து வரிசை போடுங்கள். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

படுக்க வைத்து ஒரு பி.பி., எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒரு பி.பி. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் விழுவதற்கு வாய்ப்பு அதிகம். முதியவர்கள் விழுவது அதிகமும் இரவில் கழிவறைக்குப் போகும்போது. படுக்கப் போகுமுன் நீங்களே கூட்டிப் போய் வாருங்கள். கண்ணாடியும் காது கருவியும் தலைமாட்டில் இருக்கட்டும்.

படுத்த படுக்கையானவருக்கு முதல் நாளே டார்ச் அடித்து முதுகெலும்பின் அடி, இடுப்பு, குதிகால், முழங்கை பாருங்கள். சிவந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி விடுங்கள். வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக, கெட்டியாக இருக்கிறதா என்று புறங்கையால் தடவிப் பாருங்கள். வரும்போதே புண் இருந்தால் அளவோடு அன்றைக்கே எழுதுங்கள். எழுதாவிட்டால் உங்கள் வார்டில் வந்ததாகத்தான் கணக்கு.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். ஏர் பெட் சில ஆயிரம் ரூபாய் ஆகும், அதை வாங்கினாலும் திருப்பித்தான் ஆக வேண்டும். வாங்க முடியாதவர்கள் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி செய்தாலே பாதி வேலை முடிந்தது. வளைய வடிவத் தலையணை வேண்டாம், ரத்த ஓட்டத்தை நிறுத்தும். சிவந்த இடத்தில் ஸ்பிரிட் போட்டுத் தேய்க்கவும் கூடாது. சாப்பாடு உட்கார வைத்துத்தான், முடித்து அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும்.

11. எழுதுவதும் ஓவர் கொடுப்பதும்

செய்தவுடன் எழுதுங்கள், நேரத்தோடு. டியூட்டி முடியும்போது மொத்தமாக எழுதினால் எல்லாமே "8.00 மணி" ஆகிவிடும். "டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது" என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த டாக்டருக்கு, எத்தனை மணிக்கு, என்ன சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார் என்பதும் வேண்டும். போனில் வந்த ஆர்டரைத் திரும்ப வாசித்துக் காட்டி, அவர் வந்ததும் கையெழுத்து வாங்குங்கள். தப்பாக எழுதினால் ஒரே கோடு அடித்துக் கையெழுத்துப் போடுங்கள். வெள்ளை மை வேண்டாம்.

ஓவர் கொடுப்பதை, அதாவது அடுத்த டியூட்டிக்காரரிடம் நோயாளியை ஒப்படைப்பதை, நர்சஸ் ஸ்டேஷனில் நின்று முடிக்காமல் கட்டில் பக்கத்தில் கொடுங்கள். வயது, எடை, ஒவ்வாமை, கடைசி வைட்டல்ஸ், எந்த எண் மாறினால் கூப்பிட வேண்டும், எந்த ரிப்போர்ட் வர வேண்டும். இருவரும் சேர்ந்து டிரிப்ஸ் பாட்டிலையும் யூரின் பேக்கையும் பாருங்கள்.

12. டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று வேண்டும். சிகிச்சைக்கு முன்பே ஒப்புதல் வாங்க வேண்டும் என்பதால், இதை டிஸ்சார்ஜ் நாளில் சொல்லிப் பயனில்லை. அட்மிஷன் ஆன அன்றே காப்பீட்டு மேசைக்கு அனுப்பிவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொடுத்துவிட்டு "ஒரு வாரம் கழிச்சு வாங்க" என்று சொல்வது போதாது. மாத்திரை ஒவ்வொன்றையும் காலை, மதியம், இரவு என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பார்த்துக்கொள்ளப் போகிறவர் யார் என்று கேட்டு, அவரிடம் சொல்லுங்கள். அவர் உங்கள் முன்னாலேயே ஒருமுறை செய்து காட்டட்டும், இன்சுலின் போடுவதானாலும், டியூபில் உணவு கொடுப்பதானாலும். திரும்ப உடனே வர வேண்டிய அறிகுறிகள் மூன்றை மட்டும் எழுதுங்கள், பத்து எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். சீட்டின் அடியில் 108ம், சந்தேகம் கேட்க 104ம், மறுபரிசோதனைக்கான தேதியும் கிழமையும் இருக்கட்டும்.